ஆள் தெரியாமல் சொன்னது

வீட்டுக்கு வீடு மணியடித்துப் பொய் சொல்கிற போன்கள் வருகிறதே, அவற்றை நம் பிள்ளைகளையே பிடித்து உட்கார வைத்துத்தான் போடச் சொல்கிறார்கள் என்று தங்கபுஷ்பத்துக்கு முதலில் சொன்னவள் இசக்கியம்மாள். போன வைகாசி, இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடையில் கைரேகை மிஷின் மக்கர் பண்ணி வரிசை நகராமல் நின்ற நேரம். “யக்கா, ஒங்க கிதியோன் போன வழியிலதான் எம் மவன் சுடலையும் போயிருக்கான். தாய்லாந்துன்னு கூட்டிட்டுப் போயி, ஆத்தைக் கடத்தி அந்தப் பக்கம் கொண்டுபோயி அடைச்சிப் போட்டுருக்கானுவ. கம்ப்யூட்டர் வேலையாம் கம்ப்யூட்டர் வேலை. நாள் பூரா நம்ம சனங்களுக்குப் போன் போட்டு ஏமாத்தணுமாம், மாட்டேன்னா அடியாம்.” மகன் திரும்பி வந்துவிட்டவள் ஆகையால் இசக்கியம்மாள் சத்தமாகவே சொன்னாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் கையிலிருந்த பையை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். மூன்று வருஷமாகக் காணாத மகன் இருக்கும் இடம் இன்னது என்று தெரிந்தால் ஒரு தாய்க்கு முதலில் அழுகை வரவேண்டும். அவளுக்கு வந்தது அழுகை இல்லை. அதற்கு முந்தின அசனப் பண்டிகை அன்று காலையில், முகம் தெரியாத ஒருவனிடம் போனில் தான் சொன்ன சொல் வந்தது. சொன்ன சொல் அப்படியே, சொன்ன குரலிலேயே, காதுக்குள் திரும்பி வந்து நின்றது.

அது வைகாசி. இன்றைக்கு ஆவணிச் சனிக்கிழமை, மணி பத்தாகப் போகிறது. பாளையங்கோட்டையில் ஒரு சந்தின் கடைசி வீட்டில், அடுப்படிக்குப் பின்னால் தொட்டி ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, தங்கபுஷ்பம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். போன் ஜன்னல் விளிம்பில், கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு மகள் எப்சிபா வந்துவிடுவாள். காலை ஏழரைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். “எம்மா, ஸ்கூல் ஆபீஸ் இன்னைக்கு அரை நாள்தான். நேரா அங்க வாரேன். புது சிம் வாங்கியாச்சி, பழசைக் கழட்டிக் கடாசிருவோம்.” இந்த மாசம் போகட்டுமே எப்சி என்றதற்கு, “போன மாசமும் இதையேதான் சொன்ன” என்றாள். “ஒன் தம்பிக்கு இந்த ஒரு நம்பர்தானட்டி மனப்பாடம்.” அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு எப்சிபா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கும் அவன் தம்பிதாம்மா. நீ போன் போடுத ஒவ்வொரு களவாணிப் பயகிட்டயும் அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுட்டுக் கெடக்க. அதை வச்சே ஒருத்தன் ஒன்னை மொட்டையடிச்சான். ஒன்னைய அந்தப் போன்கூடத் தனியா விட எனக்குப் பயமா இருக்கு” என்றாள். பயம் என்று அவள் சொன்னது பொய்யில்லை. போன முறை வந்தபோது அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதைத் தங்கபுஷ்பம் பார்த்திருக்கிறாள். ஒரு பிள்ளையைக் காணோம் காணோம் என்று தேடிக்கொண்டே, கண் முன்னால் நிற்கிற பிள்ளையையும் உருக்கிக்கொண்டிருக்கிறோமோ? “சரி, வா. மீன் வாங்கி வைக்கேன்” என்று சொல்லிவிட்டாள். சரி என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான், பன்னிரண்டரைக்குப் பிறகு அந்த நம்பர் என்ன ஆகும் என்று நினைப்பு ஓடியது. கொஞ்ச நாள் சும்மா கிடந்துவிட்டு வேறு யாருக்கோ போய்விடுமாம். என்றைக்காவது ஒரு நாள் கிதியோன் அடித்தால் திருச்சியிலோ திருப்பூரிலோ ஒரு மனுஷன் எடுப்பார், ராங் நம்பர் தம்பி என்பார், வைத்துவிடுவார். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது.

பத்து ஐந்துக்குப் போன் அடிக்கிறது. கையெல்லாம் செதில். சேலையில் துடைத்துவிட்டுப் பச்சையை இழுத்தால் நகரவில்லை, ஈர விரலுக்கு அது மசியாது, தோள்பட்டைச் சீலையில் விரலை மறுபடியும் தேய்த்து இழுத்து, “ஸ்தோத்திரம், யாரு பேசுதது” என்று கேட்கிறாள். ஒரு பெண் குரல், வாழ்த்துகள், உங்களுக்குத் தனிநபர் கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது என்கிறது. மூச்சே விடாத குரல். ரெக்கார்டு. அவள் வைப்பதில்லை, கடைசி வரைக்கும் கேட்பாள். ரெக்கார்டுக்குப் பின்னால் யாராவது இருமினால்? ஒரு நாற்காலி நகர்ந்தால்? ஒன்றை அழுத்தவும் என்கிறது. ஒரு தரம் ஒன்றை அழுத்தி, பாட்டு ஓடி, பாட்டு நின்று, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு ஓசை கேட்டது, கிணற்றுக்குள் குனிந்து பார்க்கும்போது கேட்குமே அப்படி. அதையும் அது அறுபடும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பத்து ஐந்து என்றால் அங்கே பதினொன்றரை தாண்டியிருக்கும். ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளவேண்டும். இங்கே அவள் இட்லி எடுத்து வைக்கும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். அங்கே அடைத்து வைத்திருக்கிறவர்களுக்கு வெயில் ஏது. சாளையின் வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து எறிகிறாள். மதில் மேல் பூனை ஒன்று, எனக்கென்ன என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு எத்தனையாவது போன் அது? நாலாவதா, ஐந்தாவதா? அசனப் பண்டிகை. கோயில் வளவில் பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, சாம்பார் வாசனை தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பெண்கள் சங்கத்தில் இவளுக்குக் கத்திரிக்காய் வெட்டுகிற முறை. எட்டு மணிக்குப் போயிருக்கவேண்டும், எட்டே முக்கால் ஆகிவிட்டது. பட்டுச்சேலையின் கொசுவம் ஒரு கையில், ஊக்கு பல்லில். போன் அடித்து அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. கிதியோனாக இருக்குமோ என்று அப்போதும் ஓடித்தான் போனாள். அன்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ கம்பெனியில் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், கப்பல் கிப்பல் என்று எங்கேயோ போய்விட்டான், கோபத்தில் பேசாமல் இருக்கிறான், இப்படி நினைப்புக்கு ஒரு ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஓடிப்போய் எடுத்தால் ஒரு ஆண் குரல், “மேடம், உங்கள் பேங்க் கணக்கு இன்றுடன் முடக்கப்படும்.” கொசுவம் கையைவிட்டு நழுவிப் பாதத்தில் விழுந்தது. இந்த மாதிரிப் பயல்களை நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வை, அப்பத்தான் திரும்ப வரமாட்டானுவ என்று எப்சிபா சொல்லிக் கொடுத்திருந்தாள். தெருவில் ஒருவரை ஏசி அறியாதவள். குப்பை வண்டிக்காரரைக்கூட ஐயா என்று கூப்பிடுகிறவள். அன்று அந்த வாயில் எங்கிருந்து வந்தது? “ஏல, ஒன்னப் பெத்தவ இதுக்கால பெத்தா? அவ வயிறு எரியுதது ஒனக்குத் தெரியலையா? நீ வீடு போய்ச் சேர மாட்டல. நல்லா கேட்டுக்கோ, வீடு போய்ச் சேரவே மாட்ட.” அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. மற்றவர்கள் என்றால் திருப்பி ஏசுவார்கள், சிரிப்பார்கள், வைத்துவிடுவார்கள். அவன் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவு நேரம் ஒரு மூச்சு மட்டும் இருந்தது. பிறகு “ம்” என்றான். அதற்குப் பிறகுதான் கட் ஆனது. அன்று அவள் கொசுவத்தைத் திரும்ப எடுத்துச் செருகிக்கொண்டு போய்க் கத்திரிக்காய் வெட்டினாள். இன்னைக்கு ஒருத்தனுக்குக் கொடுத்தேன் பாரு என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்கூட. பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் வாங்கினாள். சாம்பார் நல்லா இருக்குன்னு சொல்லி வாங்கினாள்.

“ம்” யார்தான் சொல்லமாட்டார்கள்? உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏச்சு வாங்கினால் “ம்” என்றுதான் சொல்லும். கிதியோன் மட்டுமா? பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது அவன் அப்பா நின்றுகொண்டே கத்தினார், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு “ம்” என்றான். அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த சாயங்காலம், இனி நீதாம்ல எல்லாம் என்று சித்தப்பா சொன்னதற்கும் “ம்” என்றான். ஏஜெண்டு பேச்சை நம்பாதல, உள்ளூர்ல ஒரு கடையில நின்னாலும் போதும் என்று இவள் சொன்னதற்கு மட்டும் அவன் “ம்” சொல்லவில்லை, “போயிட்டு வாரேம்மா” என்றான். குரல் அவன் குரல்தானா? மேடம் என்று ஆரம்பித்தானே, அந்தக் குரல் தடித்துப்போய், வாசிக்கிற குரலாக இருந்தது. பெற்ற மகன் குரல் தெரியாதா என்று கேட்டால், வாசிக்கிற குரலில் எல்லாரும் வேறு ஆள்தான். கோயிலில் பாடம் வாசிக்க எழுந்தால் அவனே வேறு ஆளாகத்தான் தெரிவான். அவன்தான் என்று அவள் சொல்லவில்லை. அவன் இல்லை என்று யாராவது ஒருவர் அடித்துச் சொன்னால் போதும், அவர் காலைக் கழுவித் தண்ணீர் குடிப்பாள். அதற்காகத்தான் ரேஷன் கடையில் கேட்ட மறுநாளே இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். சுடலைமுத்து டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு வாட்டசாட்டமாக இருந்த பையன், சட்டை அவன் மேல் காயப்போட்டதுபோல் கிடந்தது. கிதியோன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். “நான் இருந்த கட்டடத்துல இல்ல பெரியம்ம. அங்க அது மாதிரி நிறையக் கட்டடம் இருக்கு. பேரை வச்சும் கேக்க முடியாது. போன அன்னைக்கே வேற பேரு வச்சிருவான். எனக்கு டோனி.” இசக்கியம்மாள் உள்ளேயிருந்து, “அஞ்சு தலைமுறையா சாமி பேரு வச்ச குடும்பத்துல டோனியாம் டோனி” என்றாள். அவன் சிரித்தான், உடனே வாயை மூடிக்கொண்டான். “நம்பரை நீங்க பாத்துத்தான் போடுவீங்களாப்பா?” என்று கேட்டாள். “இல்ல பெரியம்ம, கம்ப்யூட்டரே போடும். யாருக்குப் போகுதுன்னு தெரியாது. காதுல குரல் வந்து விழும், பேப்பர்ல இருக்கதை வாசிக்கணும். பின்னால ஒருத்தன் நடந்துக்கிட்டே இருப்பான். நடுவுல நிறுத்திட்டா அடி.” தெரிஞ்ச குரல் வந்தா? “ஒருக்க எங்க கணக்கு சார் எடுத்தாரு. சார் குரல் எனக்குத் தெரியாதா. வாசிச்சேன்.” அப்போ, வீட்டு நம்பரே வந்துட்டா? சுடலைமுத்து எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே முதுகைக் காட்டி நின்றான். நடுவில் நிறுத்தினால் அடி. நாலு மூச்சு நேரம் நிறுத்தினானே. அது அவன்தான் என்றால், அந்த நாலு மூச்சுக்கும் அவனை அடித்திருப்பார்களே. இவள் இங்கே கத்திரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

மணி பத்தே முக்கால். அடுத்த போன். இந்தத் தடவை விரல் காய்ந்திருக்கிறது. “குட்மார்னிங் மேடம், இன்சூரன்ஸ் விஷயமா ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?” சின்னப் பெண், சிரித்த குரல். “பேசு மக்களே. நீ எந்த ஊரு?” “மேடம், உங்களுக்கு வயசு அறுபதுக்குள்ளதான மேடம்?” “அம்பத்தெட்டு. நீ உக்காந்துருக்க எடத்துல ஜன்னல் இருக்காம்மா?” “என்னது மேடம்?” “ஜன்னல்மா. வெளிய பாக்க முடியுமா?” “ஏசி ரூம் மேடம். கண்ணாடி இருக்கு. எதுக்கு மேடம் கேக்குறீங்க?” “என்ன தெரியுது கண்ணாடி வழியா?” “பெட்ரோல் பங்க் மேடம். ஒரு ஆள் பைக்கைத் தள்ளிக்கிட்டு வர்றாரு.” சிரித்துவிட்டது அந்தப் பிள்ளை. “மேடம், கால் ரெக்கார்ட் ஆகுது, என்னை மாட்டி விட்டுறாதீங்க.” “சாயங்காலம் ஒன்னை வெளிய விடுவாங்களா?” “ஆறு மணிக்கு பஸ் பிடிச்சிருவேன் மேடம். இருபத்தேழு ரூட்டு.” “அப்போ சரி. வீட்டுக்குப் பாத்து போ மக்களே. நான் ஒண்ணும் எடுக்கலை, வச்சிருதேன்.” வைத்த பிறகு கொஞ்ச நேரம் நெஞ்சு குளிர்ந்த மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது, ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஆறு மணி இருக்கிறது. குளிர்ந்த நெஞ்சே உடனே எரியவும் செய்கிறது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் வீட்டுக்குப் பார்த்துப் போ என்று சொல்ல வருகிற வாய், அன்றைக்கு எங்கே போயிற்று?

மீனைக் கல் உப்புப் போட்டு அலசும்போது, இரண்டு கையும் சட்டிக்குள் இருக்கும்போது, மறுபடியும் அடிக்கிறது. அவசரத்தில் சட்டி சாய்ந்து தண்ணீர் பாதமெல்லாம் ஓடுகிறது. துடைத்து, தேய்த்து, இழுத்து, நகரவில்லை, இழுத்து, நகரவில்லை, நின்றுவிட்டது. மிஸ்டு கால் என்று சிவப்பில் நிற்கிறது. திருப்பி அடித்தால், நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்கிறார்கள். எப்போதும் அப்படித்தான். அந்த நம்பர்களுக்கு வருகிற வழி உண்டு, போகிற வழி கிடையாது. முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். இது அவனாக இருந்தால்? மத்தியானத்துக்குள் இனி ஒரு தரம் வருமா? அவனுக்கு இந்த நம்பரைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். முதல் முதலாக வீட்டுக்குப் போன் வாங்கியபோது அவனுக்கு ஒன்பது வயசு. ஞாயிறு பள்ளிக்கு மனப்பாட வசனம் சொல்லிக் கொடுக்கிற அதே நேரத்தில், விளக்கு வைத்ததும், முழங்காலில் நிற்க வைத்து, வசனத்துக்குப் பிறகு நம்பரையும் சொல்லச் சொன்னாள். எங்கேயாவது தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று. அவன் நாலு, மூன்று, மூன்று என்று பிரித்து ராகம் போட்டுச் சொல்லுவான், கடைசியில் ஆமென் என்றும் சேர்த்துவிடுவான். எப்சிபா விழுந்து விழுந்து சிரிப்பாள். தொலைந்துபோனால் சொல்லு என்று சொல்லிக் கொடுத்தவளே, அதைக் கழற்றிப் போடச் சரி என்று சொல்லியிருக்கிறாள். எப்சிபாவைக் குறை சொல்லவும் முடியாது. போன மாசம் ஆடியில் ஒருவன் பேசினானே. இவள்தான் கேட்டாள், “தம்பி, ஒங்க கூட கிதியோன்னு பாளையங்கோட்டைப் பையன் யாரும் உண்டா, வலது புருவத்துல வெட்டு இருக்கும்” என்று. அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆமாம்மா, இருக்கான். பேசணுமா? உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வரும், அதைச் சொன்னாத்தான் லைன் கொடுப்பாங்க” என்றான். சொன்னாள். பேங்கில் கிடந்த விதவைப் பென்ஷன் அவ்வளவும் போயிற்று. அது போனது பெரிசில்லை. லைன் கொடுப்பார்கள் என்று ஒரு மணி நேரம், அறுந்துபோன போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் இதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாளே. அந்தக் கோலத்தில்தான் எப்சிபா வந்து பார்த்தாள். அதைப் பார்த்த பிள்ளை என்ன செய்யும். நம்பரை மாற்றத்தான் செய்யும்.

சபை ஐயரிடம் ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு கேட்டாள். கோபத்தில் சொன்ன சொல்லை ஆண்டவர் கணக்கில் எடுப்பாரா ஐயரே என்று. அவர் நல்லவர், வயசில் சின்னவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஒங்க மனசு அவருக்குத் தெரியாதாம்மா, வாய்தான சொல்லிச்சு” என்றார். அது ஆண்டவருக்குச் சரி. ஆண்டவருக்கு மனசு தெரியும். காதில் அந்தப் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வாய்தானே கேட்டிருக்கும்? அன்றுமுதல் காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் ஆண்டவரே என்று சொல்லித்தான் முடிக்கிறாள். முடித்த பிறகும் முடியாத மாதிரியே இருக்கிறது. சொன்னது ஆண்டவரிடம் இல்லையே, அவரிடம் திருப்பி எடுத்து என்ன செய்ய. எவனிடம் சொன்னாளோ அவனிடம் சொல்லவேண்டும். அவன் கிதியோனாக இல்லாவிட்டாலும் சொல்லவேண்டும் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. அது இன்னும் பயமாக இருக்கிறது. கிதியோன் இல்லை என்றால் வேறு ஒருத்தி மகன். அவளும் எங்கேயோ மீன் ஆய்ந்துகொண்டு இருப்பாள், போன் எடுக்கிறவர்கள் எல்லாம் தன் பிள்ளையை என்ன ஏசுகிறார்களோ என்று தெரியாமல். அடுப்பில் புளி கரைத்து ஊற்றி, மிளகாயும் தேங்காயும் அரைத்ததைப் போட்டு, மீனை ஒவ்வொன்றாக இறக்குகிறாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவித் துண்டில் துடைக்கிறாள். நன்றாகத் துடைக்கிறாள், விரல் இடுக்கெல்லாம். புது சிம்முக்கு வேண்டியிருக்கும் என்று ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறாள். பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினைந்து. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவரே, ஒரு பொய்யனையாவது அனுப்பும். இப்படி ஒரு ஜெபத்தை எந்தத் தாயாவது பண்ணியிருப்பாளா?

பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு அடிக்கிறது. முன்னால் கூட்டல் போட்ட நீளமான நம்பர். “ஸ்தோத்திரம்” என்கிறாள். ஒரு ஆண் குரல், எழுத்துக் கூட்டாத குறையாக, “வணக்கம் மேடம். நாங்கள் போன் ஆபீஸில் இருந்து பேசுகிறோம். உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்” என்கிறது. கிதியோன் குரல் இல்லை. அது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. இது வேறு பிள்ளை, மெலிந்த குரல். “ஆமா தம்பி, தெரியும்” என்கிறாள், “ரெண்டு மணி நேரம்கூட ஆகாது, மக வந்துக்கிட்டு இருக்கா.” அந்தப் பக்கம் பேப்பரில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. “மேடம், உங்கள் எண்ணில் சட்டவிரோதமாக” என்று ஆரம்பித்துத் தயங்குகிறது. தயங்கியதும் இவள் முந்திக்கொள்கிறாள். “நிறுத்தாத தம்பி, நிறுத்தாத, வாசி. நிறுத்தினா அடிப்பான்லா? நீ பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டே இரு, நான் நடுவுல பேசிக்கிடுதேன்.” வாசல் பக்கம் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம். அந்தப் பக்கம் குரல் வாசிக்கிறது. உங்கள் எண்ணில் சட்டவிரோதமாகப் பல குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டுள்ளதால் என்று வாசிக்கிறது, துறைரீதியான நடவடிக்கை என்று வாசிக்கிறது, வாசிக்க வாசிக்க நடுங்குகிறது, பிறகு அதே ஏற்ற இறக்கத்தில், வாசிக்கிற மாதிரியே, “சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னாலதான் நிக்கான்” என்கிறது. நிக்கான். இந்தப் பக்கத்துப் பேச்சு. இத்தனை மாசமாக எத்தனை போன், ஒருவன்கூட இப்படிச் சொன்னதில்லை. கேட்கவேண்டியதை எல்லாம் அவள் வரிசையாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள், பேர், ஊர், புருவத்து வெட்டு, எந்தக் கட்டடம், எத்தனை பேர். நாக்கில் ஒன்றும் இல்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது, எப்சிபா உள்ளே வந்து, கையில் சின்ன உறையோடு, அம்மாவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் தங்கபுஷ்பம் பேசுகிறாள், மெதுவாக, அவசரப்படாமல், ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று. “மக்களே, ஒன் பக்கத்துல உக்காந்துருக்க பிள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிரு. பேரு எதுவும் வேண்டாம். வீடு போய்ச் சேர மாட்டன்னு போன்ல ஒரு அம்மா ஏசினால்லா, அது ஆள் தெரியாம சொன்னது. சேருவ, கட்டாயம் வந்து சேருவன்னு அந்த அம்மாவே சொல்லுதான்னு சொல்லிரு. நீயும் கேட்டுக்கோ. சாப்பாட்டு நேரத்துல, ஒருத்தன்கிட்டயாவது சொல்லிரு, என்ன.”